எல்டர்ஹாகன் பள்ளியின் இரண்டாவது கூரை

எல்டர்ஹாகன், ஜெர்மனி
1955 ஏப்ரல் 19

அன்புள்ள கேத்தே,

இங்கு நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே ஹைஃபாவில் கனத்த பையோடு கார்மல் மலைப் படிகளை ஏறாதே. காய்காரனை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்.

நீ இந்த மண்ணில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்றாய். அதை மதித்துத்தான் தனியாக வந்தேன். ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்கு நடந்தே போனேன். ஐம்பத்தெட்டு வயதுக்கு நன்றாகவே நடந்தேன் என்று சொல்லலாம்.

நான் கட்டிய பள்ளிக்கூடம் நிற்கிறது. இருபத்தைந்து வருஷத்தில் சுவரில் ஒரு விரிசல் இல்லை. ஜன்னல்கள் இன்றும் ஒரே தள்ளில் திறக்கின்றன. ஆனால் அதன் தலையில் அந்தத் தொப்பி! பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று நான் போட்ட தட்டையான மொட்டைமாடி, பாலைவனத்து யூதனின் புத்தி என்று சொல்லி, நாம் நாட்டை விட்டுப் போன மறுவருஷம் அதன்மேல் செங்குத்தான ஓட்டுக் கூரையைக் கவிழ்த்தார்களே, அதைப் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். நேரில் இன்னும் அசிங்கம்.

மேயர் டீர்க்ஸ் அம்மாள் சுற்றிவளைக்காத மனுஷி. நகரசபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "பிள்ளைங்க எண்ணிக்கை ரெட்டிப்பாயிடுச்சு சார். பத்து வகுப்பறை கூடுதலா வேணும். உங்க கட்டடம், நீங்க தொட்டாத்தான் சரியா வரும்." நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். முதலில் அந்தக் கூரை இறங்க வேண்டும்.

மூலையில் ஒருவர் இருமினார். யார் என்று நினைக்கிறாய்? கட்டடப் பிரிவு அதிகாரி குரூல்! அந்தக் கூரையை வரைந்த அதே ஆள், இன்னும் அதே நாற்காலியில். "தட்டைத் தளம் ஒழுகும், பிராஷ். எங்க ஊரு மழை உங்களுக்கு மறந்துபோச்சு போல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒழுகுதா இல்லையான்னு ஏறிப் பார்த்துட்டுப் பேசுவோம், வாங்க" என்றேன். மேயர் அம்மாள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார், "மேல ஆளுங்க குடியிருக்காங்க சார். உங்க கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

குரூலும் சேர்ந்து மூவரும் ஏறினோம். கதவைத் திறந்ததும் உருளைக்கிழங்கு வேகும் வாசனை. கயிற்றில் துணி. போர் முடிந்து, போலந்துக்குப் போய்விட்ட கிழக்குப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டு வந்த மூன்று ஜெர்மன் குடும்பங்கள் பலகைத் தடுப்பு வைத்து ஒன்பது வருஷமாக அங்கே இருக்கின்றன. அவர்கள் நடமாடும் தரை என் மொட்டைமாடி, கேத்தே. நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கிய சிவப்புத் தரை ஓடுகள். ஒன்றுகூடப் பெயரவில்லை.

"காலைத் தொடச்சிட்டு உள்ள வாங்க, இப்பத்தான் தரையத் தொடச்சேன்!" என்று ஒரு அம்மாள் அதட்டினாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். உன் அம்மாவின் பேச்சு. உங்கள் ஊர் பிரெஸ்லாவின் அதே இழுப்பு. அவள் பெயர் கெபாவர், கணவன் போரில் போய்விட்டான். நான் யார் என்று மேயர் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள். "கூரையப் பிரிக்கணும்னு வந்தவரு நீங்கதானா? பிரிச்சிட்டா நாங்க எங்க போறது? ரெண்டு மூட்டையோட வந்தோம். மறுபடியும் மூட்டை கட்டச் சொல்றீங்களா?"

குரூல் பின்னால் நின்று சிரித்தார். "அப்ப கூரை இருக்கட்டும்னு எழுதிக்கலாமா?"

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாள் பார்லி காபி ஊற்றினாள், கசகசா கேக் வெட்டி வைத்தாள். பிரெஸ்லாவில் எந்தத் தெரு என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். உங்கள் தெருவின் பெயரைச் சொன்னாள். "நாப்பத்திரெண்டுல எங்களுக்கு அங்க ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுத்தாங்க. நல்ல வீடு சார். அலமாரியில பீங்கான் தட்டெல்லாம் அடுக்கினபடி அப்படியே இருந்துச்சு." அந்தத் தெருவின் மாப்பிள்ளையிடம் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. மேயர் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டு எண் என்ன என்று கேட்க வாயைத் திறந்தேன். காபியைக் குடித்துவிட்டு மூடிக்கொண்டேன்.

கீழே வந்து, கூட்ட அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் முதலில் ஒரு இரண்டு மாடிக் கட்டடம், மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி வீடு, தனித்தனிக் குளியலறை. கடைசிக் குடும்பம் சாவி வாங்கிய மறுநாள் கூரையின் முதல் ஓடு இறங்கும். அதற்கு ஒருநாள் முன்னால்கூட ஒருவரையும் கிளப்பக்கூடாது. கூரையை இறக்கும் உத்தரவில் குரூல் கையெழுத்துப் போட வேண்டும். "நான் எதுக்கு?" என்றார். "ஏத்துனது நீங்க. இறக்குறதும் நீங்களாவே இருந்துட்டுப் போங்க" என்றேன். மேயர் அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். நகரசபையில் பத்துப் பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. குரூல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன், கேத்தே. ஆனால் ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இன்னும் விழவில்லை. யாருக்கு வீடு கட்டப் போகிறேன் என்று உனக்குத் தெரியாமல் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த கப்பலில் வந்துவிடுவேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கமாட்டேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ஆர்னோ

ஹைஃபா
1955 மே 2

அன்புள்ள ஆர்னோ,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நாலு நாள் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பதில் தாமதமானதற்குக் காரணம் முழங்கால் இல்லை; அது பரவாயில்லை.

கையெழுத்துப் போடு. அந்த வீடுகளின் சமையலறை ஜன்னலைக் கிழக்குப் பார்த்து வை. நீ எப்போதும் சமையலறையைத்தான் இருட்டில் தள்ளுவாய், நான் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வருஷம் ஓட்டுக்கு அடியில் சமைத்தவர்களுக்குக் காலை வெயில் விழட்டும். பள்ளியில் அந்த அசிங்கம் இறங்கும் நாளில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

ஆனால் வீட்டு எண்ணைக் கேட்காமல் வந்தது தப்பு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து விட்டுவிட்டாய். திரும்ப மேலே ஏறிப் போ. எங்கள் இருபத்தாறா என்று கேள். நீ யார் என்பதையும் சொல்லு, மறைக்காதே. ஆனால் சண்டை போடாதே. அவளிடமிருந்து எனக்குத் தட்டும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம்.

இருபத்தாறு என்றால் ஒன்றே ஒன்று கேட்டு எழுது. அம்மாவை நாற்பத்தொன்று நவம்பர் மாதத்தில் ரயிலேற்றக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசற்கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் அவளுடைய கனத்த கம்பளிக் கோட்டு தொங்கும். அந்த அம்மாள் குடிவந்தபோது அது அங்கே தொங்கிக்கொண்டிருந்ததா?

இருந்தது என்றால், கடிதத்தில் எழுது, மெதுவாக வரட்டும். இல்லை என்றால், அந்தக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறாள்; தயவுசெய்து அன்றைக்கே ஒரு தந்தி கொடு.

மழையில் நனையாதே. உன் கட்டடங்கள் எல்லாம் நன்றாக நிற்கட்டும்.

உன்,
கேத்தே