பொம்மையின் முதுகைத் தேய்த்த கதை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் காலையில் எழுந்திருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான், இறங்கும்போது இல்லை, அதனால் ஏறாமலே இறங்குவதற்கு ஏதாவது வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். உன் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சாயங்காலம் நடத்துகிற களிமண் சிற்ப வகுப்பை நிறுத்த அவளுக்கு மனசில்லை, படிக்க வருகிற எட்டுப் பேரும் வேலை முடிந்து அலுப்போடு வருகிறவர்கள், ஒரு தடவை விட்டால் திரும்ப வரமாட்டார்கள் என்றாள். நாற்பது வருஷம் சுவர் பூசின கை, உங்களுக்குத் தெரியாத மண்ணா மாமா என்று என் தலையில் கட்டிவிட்டாள். நானும் சும்மா உட்கார்ந்திருக்கிறவன்தானே, சரி என்று தலையாட்டிவிட்டேன், ஆட்டின தலை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாடம் என்ன தெரியுமா, செய்து முடித்த பொம்மையின் மேல் சொரசொரப்பு ஏற்றுவது. மண் பாதி காய்ந்து, அமுக்கினால் பதியும் ஆனால் கையில் ஒட்டாது என்கிற பதத்தில் இருக்கும்போது அதன் மேல் கீற வேண்டும், குத்த வேண்டும், எதையாவது வைத்து அழுத்தித் தடம் எடுக்க வேண்டும். நான் சித்தியிடம் கேட்டேன், கொத்திவிட்டதுக்கு அப்புறம் மேலே என்ன பூச்சு வரும் என்று. எங்கள் வேலையில் சுவரைக் கொத்துவது அடுத்த பூச்சு பிடிப்பதற்குத்தானே. ஒண்ணும் வராது மாமா, அதுதான் முடிவு, பார்க்கிறவங்களுக்குத் தொட்டுப் பார்க்கணும்னு தோணணும் என்றாள். எனக்குப் புரியவில்லை பாப்பா. சுவரில் ஒரு மணல் பொட்டு துருத்திக்கொண்டு நின்றால் அந்த வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்கு முன்னால் என் கண்ணில் படும், கையில் பூசுகிற கரணை இல்லாவிட்டால் நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் எட்டுப் பேருக்கு முன்னால் நின்று நன்றாகக் கெடுங்கள், இன்னும் கெடுங்கள் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவரச் சொன்னேன். முடிதிருத்துகிறவர் ஏழு விதமான சீப்பு கொண்டுவந்தார், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸம்மா சல்லடையும் பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷும் கொண்டுவந்தார், ஒருத்தர் காலில் இருந்த செருப்பையே கழற்றினார். நான் ஒவ்வொரு மேசையாகப் போய் பலே பலே என்று சொன்னேன், எது பலே எது பாழ் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அந்த எட்டுப் பேரில் பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள், எல்லாரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயசிருக்கும். எவ்வளவு புழுக்கமானாலும் முழுக்கைச் சட்டை, வாய் திறந்து பேசமாட்டாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை ஒரு முழ உயரத்துக்குச் செய்திருந்தாள், நல்ல கைப்பாங்கு. எல்லாரும் எதையாவது கொண்டுவந்த அன்றைக்கு அவள் கையில் ஒன்றும் இல்லை, பொம்மையைத் தூக்கிக்கொண்டு கை கழுவுகிற அறைக்குப் போய்விட்டு வந்து அப்படியே ஈரத்துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்த வகுப்புக்கு நான் சீக்கிரமே போய்த் துணிகளை எல்லாம் அவிழ்த்து வைத்தேன். அவளுடைய பொம்மையின் முதுகைப் பார்த்தால் ஒரு பக்கம் சுருங்கி, ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, நடுவே பளபளவென்று, மண் கெட்டுப்போய் வெடிக்கப் போகிற மாதிரி இருந்தது. ஐயோ பாவம், இவ்வளவு நன்றாகச் செய்த பொம்மை என்று நினைத்தேன். பஞ்சை நனைத்து, கட்டைவிரலால் தடவி, பத்தே நிமிஷத்தில் முதுகைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு வழவழப்பு என் கையில் விழுந்ததில்லை, எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் வந்தாள், பார்த்தாள், யார் தொட்டது என்று கேட்டாள். நான் மீசையை முறுக்காத குறையாக, நான்தாம்மா, கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது, சரிபண்ணி வச்சேன் என்றேன். அவள் வலதுகைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினாள். சின்ன வயசில் கொதிக்கிற தண்ணீர் கொட்டின தழும்பு, மணிக்கட்டிலிருந்து மேலே வரைக்கும். நான் தேய்த்து அழித்த அதே சுருக்கம், அதே இழுப்பு. அந்தக் கையைத்தான் பொம்மையின் முதுகில் வைத்து அழுத்தியிருக்கிறாள். சீப்பு கொண்டுவந்தவர், சல்லடை கொண்டுவந்தவர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டையை இறக்கிவிட்டு, பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வாரம் வரவில்லை. கேட்காமல் தொடக்கூடாது என்று உங்களிடம் சொல்ல மறந்தது என் தப்பு என்று சித்தி அழாத குறை. உன் அண்ணன், திரும்பப் போய் அதைப் பேசினால் அந்தம்மாவுக்கு இன்னும் சங்கடம், விட்டுவிடுங்க என்றான். அம்மா மட்டும், விட்டுவிட்டால் உங்களுக்குத்தான் சௌகரியம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். டிரைவரம்மா ஓட்டுகிற பஸ் எது என்று நர்ஸம்மாவிடம் கேட்டுப் போய் ஏறினேன். ஏறும்போதே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன், அதே பஸ்ஸில் திரும்பினேன், மறுபடி போனேன். மூன்றாவது தடவை எல்லாரும் இறங்கினபிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். தெரியாம பண்ணிட்டேன்மா, மன்னிச்சுக்கணும் என்றேன்.

"நீங்க தொட்டதுக்குக் கோபம் இல்ல மேஸ்திரி," என்றாள். "அந்த முதுகைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதுதான் என்னால தாங்க முடியல."

நான் எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் கூட இருக்கலாம், இதற்குத் தயாராக இல்லை. நான் கெடுத்தேனா, அவள் மனசில் இருந்ததை வெளியே எடுத்தேனா, இரண்டும் ஒரே பஞ்சால் செய்தேனா, எத்தனை தடவை யோசித்தாலும் பிடிபடவில்லை. அடுத்த வகுப்புக்கு அவள் வந்துவிட்டாள், பொம்மையோடு. மண்ணை ஈரம் போகாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். இந்தத் தடவை எல்லார் முன்னாலும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒத்தைக் கையால் அழுத்தினால் பொம்மை நகருது, நீங்க பிடிச்சுக்கங்க என்றாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் மெதுவாக அழுத்தி, எடுத்து, பார்த்து, போதுமா என்று என்னைக் கேட்டாள். ஒரு சுவர் முடிந்துவிட்டதா இல்லையா என்று தெருவில் நின்றே சொல்கிறவன் நான். தெரியலம்மா என்றேன். எனக்கும் தெரியல என்றாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம், அப்புறம் காய்வதற்கு அலமாரியில் வைத்தோம். என் கட்டைவிரல் ஒரு தடவை துறுதுறுத்தது, பையில் விட்டுக்கொண்டேன்.

இப்போது உன் விஷயம். போன மாசம் நீ எழுதின கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கம், ஒரு அடித்தல் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய், மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு பேரும் ஜோராக இருக்கிறார்கள் என்று நானும் நன்றாகப் பூசி மெழுகிவிட்டுத்தான் வருகிறேன். ரொம்ப வழவழப்பான சுவரைப் பார்த்தால் அடியில் என்ன என்று விரலால் தட்டிப் பார்ப்பது என் தொழில், பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் இத்தனை நாள் தட்டாமல் இருந்துவிட்டேன். கேட்கலாமா கூடாதா என்று இன்னும் தெரியவில்லை, கேட்டுவிட்டேன். நீ சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், எப்படி எழுதினாலும் நான் அதில் கை வைக்கமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் எரிச்சல் என்றாயே, கண் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதே. நானும் அம்மாவும் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் தாழ் போடுவதில்லை, எந்தக் குறையும் அண்டாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் ஏழு இடத்தில் அடித்து எழுதியிருக்கிறேன், அம்மா வேறு தாளில் நன்றாக எழுதி அனுப்பச் சொன்னாள், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா