மொத்தப் பாரம்

மார்ச் 3, ஞாயிறு

மகள் ஹாஸ்டலுக்குப் போய் நாலு நாள் ஆகிறது. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஃபேனைத் துடைத்தேன். குழாய்க்கு வாஷர் மாற்றினேன். சத்தமே போடாத கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். "நல்லா இருக்கிறதை விட்டு வைங்களேன்" என்றாள் மனைவி.

மகள் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது இரண்டு கினி பிக், வாலில்லாத பெரிய எலி மாதிரி, உடம்பெல்லாம் முடி. பெரியவன் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு முன்னாலேயே படுத்துக் கிடப்பதால் அவள் வைத்த பெயர். சின்னவன் கிளார்க். எந்நேரமும் ஓட்டம், எதற்கெடுத்தாலும் கீச்சுக் கத்தல், மேனேஜர் மிச்சம் வைப்பதில் ஜீவனம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். ஞாயிறுதோறும் எடை பார்க்கணும், தனித்தனியா. ஏப்ரலில் டாக்டரிடம் செக்கப். மறக்காதீங்கப்பா. அந்தக் கடைசி வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.

காலையில் சமையலறைத் தராசை எடுத்து வைத்தேன். கிளார்க்கைத் தனியாகத் தூக்கினதும் வீடே அதிர்கிற மாதிரி கத்தினான். கூண்டிலிருந்து மேனேஜர் எதிர்ப்பாட்டு. இவன் துள்ளுகிற துள்ளலில் எண் நிற்கவே இல்லை. போங்கடா என்று இரண்டு பேரையும் ஒரே பிளாஸ்டிக் பேசினில் போட்டுத் தராசு மேல் வைத்தேன். கப்சிப். 1,950 கிராம்.

அவள் போகும்போது குறித்து வைத்தது: மேனேஜர் 1,020, கிளார்க் 930. கூட்டினால் அதே 1,950. அப்புறம் என்ன? அதையே நோட்டில் எழுதி, அவளுக்கும் அனுப்பினேன். லிஃப்ட்டில் மொத்தப் பாரம்தான் கணக்கு. உள்ளே ஏறினவர்களை வரிசையில் நிறுத்தி யாரும் எடை போடுவதில்லை. முப்பது வருஷமாக லிஃப்ட் சர்வீஸ் வேலைதானே பார்க்கிறேன்.

"சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது.

மார்ச் 10, ஞாயிறு

1,955. பாதியாக்கி, மேனேஜருக்கு நாற்பத்தைந்து கூட்டி, கிளார்க்குக்கு நாற்பத்தைந்து கழித்தேன். அரை கிராம் இடித்தது. மேனேஜருக்கே கொடுத்தேன்.

மார்ச் 15, வெள்ளி

ஒன்பது மாடிக் கட்டடத்து அசோசியேஷன் செயலாளர் இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார். "லிஃப்ட்டு ஜம்முனு ஓடுதே சார், எதுக்கு மாசாமாசம் நிறுத்தி வச்சு நோண்டுறீங்க?" மனுஷனுக்கு வேறு வேலை கிடையாது. நாற்காலி போட்டு லிஃப்ட் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

"ஓடாதப்ப வந்தா அதுக்குப் பேரு ரிப்பேர் சார். ஓடுறப்ப வர்றதுதான் சர்வீஸ்" என்றேன். மெஷின் ரூமுக்குக் கூட்டிப்போய் பிரேக்கைக் கழற்றிக் காட்டினேன். லைனிங் தேய்ந்து தகடு தெரிகிற நிலைமை. கீழே இறங்கியதும் நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சாப்பிடும்போது மனைவியிடம் இதை இரண்டு தரம் சொன்னேன். எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது.

மார்ச் 24, ஞாயிறு

1,950. வழக்கம்போல்.

ஏப்ரல் 6, சனி

மகள் ஃபோன். டாக்டரிடம் போனீர்களா என்றாள். போகவில்லை. இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, நாய்க்கும் பூனைக்கும் நடுவில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு. எதற்கு?

"ரெண்டும் நல்லாத்தானம்மா இருக்கு. உடம்புக்கு ஏதாச்சும்னா உடனே தூக்கிட்டு ஓடிர மாட்டேனா?"

"அதுங்க காட்டிக்காதுப்பா. சுணங்கி உட்கார்ந்தா எதாவது வந்து பிடிச்சுத் தின்னுரும்னு பயம். கடைசி வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும். அதுக்குத்தான் எடை, அதுக்குத்தான் செக்கப்."

அடுத்த வாரம் என்று சொல்லி வைத்தேன். ஃபோனை வைத்ததும் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "ஓடுறப்ப வர்றதுக்கு ஏதோ பேரு சொன்னீங்களே, என்னது அது?" என்றாள். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. கொடிக்கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

1,945. ஐந்து கிராம் எல்லாம் ஒரு எடையா?

ஏப்ரல் 17, புதன்

பஸ் நிறுத்தத்தில் தாடிக்காரனைப் பார்த்தேன். பதினோரு வருஷம் என்னோடு ஒன்றாக வேலை பார்த்தவன். ஒரே சாப்பாட்டு டப்பாவில் இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறோம். நாலு மாதம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டின் அடிக்குழிக் கதவைத் திறக்காமலேயே 'பார்த்தாச்சு' என்று லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டான். குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருந்தது. ஆபீசுக்கு எழுதிக்கொடுத்தது நான். வேலை போயிற்று. இப்போது மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம்.

என்னைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான். நானும் பஸ் நம்பரைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பினேன்.

எனக்கு உறுத்தல் ஒன்றும் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் அப்புறம் அந்தப் புத்தகம் எதற்கு? உறுத்தல் இல்லை என்றால் இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

1,940. கிளார்க் இப்போதெல்லாம் கத்துவதில்லை. தூக்கினால் பேசாமல் கையில் இருக்கிறான். பழகிவிட்டான். தாடை மட்டும் ஈரமாக இருந்தது. கூண்டில் மாட்டியிருக்கிற தண்ணீர் பாட்டில் மூக்கு ஒழுகுகிறது போல. வாஷர் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

1,940. மேனேஜர் 1,015, கிளார்க் 925. அனுப்பியாயிற்று. டாக்டர் விஷயத்தை அவளும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலையில் மனைவி கூண்டு கழுவ இரண்டையும் வெளியே எடுத்தாள். கிளார்க்கைத் தூக்கின கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க இது, வெறும் முடியா இருக்கு? உள்ள ஒண்ணுமே இல்லையே. வாராவாரம் எடை பார்த்தீங்கதானே?"

தராசில் வைத்தேன். தனியாக. துள்ளவில்லை, எண் உடனே நின்றது. 730. மேனேஜரை வைத்தேன். 1,210.

கூட்டினால் 1,940.

இவன் இறங்க இறங்க அவன் ஏறியிருக்கிறான். ஒன்பது வாரம். கிளார்க் தினமும் கிண்ணத்துக்கு வருவான், வாயில் வைப்பான், கீழே போடுவான். அதை மேனேஜர் தின்பான். நான் பார்த்தது காலியான கிண்ணத்தை. நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். பாவி.

லீவு சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா சின்ன விளக்கை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். உள்பற்கள் இரண்டு பக்கமும் வளர்ந்து நாக்குக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறதாம். விழுங்க முடியாது. தாடை ஈரம் எச்சில்தான். வெளியிலிருந்து பார்த்தால் முன்பல் மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது என்றார்.

"ஏப்ரல் ஆரம்பத்துல கொண்டு வந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். எடை பார்க்கிறது இல்லையா நீங்க?"

நோட்டை நீட்டினேன். பக்கத்தைப் புரட்டினார். "குறையவே இல்லையே" என்றார்.

"தராசு சரியில்ல போல டாக்டர்" என்றேன்.

பட்டென்று வந்தது. யோசிக்கக்கூட இல்லை. மனைவி பக்கத்தில்தான் நின்றாள். பஸ்ஸில் கூண்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது மயக்கம் கொடுத்தால் தாங்காதாம். வெள்ளி வரைக்கும் சிரிஞ்சில் கூழ் கொடுத்துத் தேற்றி, அப்புறம் வளர்ந்த பல்லை ராவிக் குறைத்துவிடலாம் என்றார். எழுந்திருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

மே 2, வியாழன்

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கூழ். துண்டில் சுற்றி மடியில் வைத்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக. பாதி என் சட்டையில். இவன் எப்பேர்ப்பட்ட கத்தல்காரன். ஒரு சத்தம் இல்லை.

நாளைக்கு எழுந்திருக்காவிட்டால் மகளிடம் என்ன சொல்வேன்? தராசு என்றா?

சாயங்காலம் ஃபோன் செய்தேன். பேச்சை எங்கெங்கோ சுற்றி, மெஸ் சாப்பாடு எப்படி, மழை உண்டா என்றெல்லாம் கேட்டு, கடைசியில் சொன்னேன். ரெண்டு பேரையும் சேர்த்துத்தாம்மா வச்சேன். பிரிச்சு எழுதினது நான். கையால போட்ட கணக்கு.

"எத்தனை வாரம்ப்பா?"

"ஒன்பது."

"தாடி மாமாவை நீங்கதானேப்பா எழுதிக்கொடுத்தீங்க?"

திட்டியிருந்தால் தேவலாம். அழுதிருந்தாலும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மனைவி கூழ் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு, "சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லிட்டேன். "சரி, கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்." செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

மே 3, வெள்ளி

எழுந்துவிட்டான்.

உள்ளே இருந்தது நாற்பது நிமிஷம். அந்த வராந்தாவில் எத்தனை ஓடு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். டாக்டரம்மா துண்டோடு கொண்டுவந்து என் கையில் வைத்தார். கண் பாதி திறந்திருந்தது. மூக்கு அசைந்தது. மனைவி எதிரிலேயே அழுதுவிட்டேன், வெட்கமாகக்கூட இல்லை.

பல் திரும்ப வளருமாம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கொண்டுவர வேண்டும், ஆயுசுக்கும். "இன்னொண்ணையும் ஒரு தடவை காட்டிருங்க" என்றார்.

"அவனுக்கென்ன டாக்டர், நல்லாத்தான்" என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டேன்.

மகளுக்கு எழுதினேன். பதில்: "இனிமே எடையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. தராசில் நம்பர் தெரியணும்." அவ்வளவுதான். அப்பா என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டு தரம் தேடினேன்.

மே 5, ஞாயிறு

மேனேஜர் 1,205. கிளார்க் 738. இரண்டு போட்டோ. பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மே 10, வெள்ளி

செயலாளர் வீட்டுக்கு விருந்தாளிகளாம். "இன்னிக்கு நிறுத்தாதீங்க சார். பார்த்தாச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?"

வழக்கமாக இந்த இடத்தில் என் பிரசங்கம் தொடங்கும். வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பேசாமல் குழிக் கதவைத் திறந்து இறங்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. ஏறி வந்து கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது கால் தானாக மிக்ஸிக் கடைப் பக்கம் போயிற்று. தாடிக்காரன் நிமிர்ந்து பார்த்து, "என்ன, ஜார் உடைஞ்சிருச்சா?" என்றான்.

"நானும் எழுதினேன்டா. பார்க்காம."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "எந்தக் கட்டடம்?"

"கட்டடம் இல்ல. கினி பிக்."

முதலில் புரியவில்லை. முழுக்கச் சொன்னதும் சிரித்தான் பார், கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உயிரோட இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன். "என் குழியிலயும் யாரும் சாகலடா" என்றான். அதற்கு அப்புறம் சிரிக்கவில்லை. நானும் நியாயம் பேசவில்லை. எழுதிக்கொடுத்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவனை ஒரு வார்த்தை, ஏன்டா செய்தாய் என்று, கேட்டிருக்கலாம். கிளம்பும்போது ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினான். உட்கார்ந்தேன்.

மே 18, சனி

மேனேஜருக்குச் செக்கப். வாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நகம் வெட்டினார். "ஒண்ணும் இல்ல. கொழுப்பு மட்டும் ஜாஸ்தி" என்றார். இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. ஒவ்வொரு மாசமும் கட்டடக்காரர்களுக்கு நான் சொல்லிவிட்டு வருவதும் அந்த ஒரு வார்த்தைதான். அதைக் கேட்கிற பக்கம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் தெரியாது.

மே 26, ஞாயிறு

1,180. 801. போட்டோ போயிற்று. "பார்த்தேன்" என்று பதில்.

ஜூன் 2, ஞாயிறு

1,160. 819. "பார்த்தேன்."

ஜூன் 16, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கிளார்க்குக்கு இரண்டாவது தடவை பல்லை ராவியாயிற்று. முந்தி மாதிரி பயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

இன்று காலை தனியாகத் தூக்கினதும் வீடே அதிரக் கத்தினான். பேசினிலிருந்து துள்ளி என் மடியில் விழுந்து, சட்டையை நனைத்து, திரும்பத் தராசில் வைத்தால் திரும்பத் துள்ளல். கூண்டிலிருந்து மேனேஜர் எதிர்ப்பாட்டு. "என்னங்க பண்றீங்க அதை?" என்று மனைவி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். ஒரு வழியாக எண் நின்றது. 862. மேனேஜர் 1,120. ஒரு கையில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இரண்டு எண்ணையும் தட்டி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "சரிப்பா. ஏறிட்டான்ல."

அப்போதுதான் பார்த்தேன், போட்டோ எடுக்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

மேனேஜரைக் கூண்டில் விட்டு, கிளார்க்கைத் திரும்ப வெளியே எடுத்தேன். கத்தின கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். தராசில் வைத்து, நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினேன்.