அழிக்காமல் வைத்திருக்கும் போர்டு

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் மாமாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதுதான் என் தினசரிப் பிரார்த்தனை.

போன வாரம் நீ போன் செய்து, ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு வைத்தாய். காரணம் எனக்கு மறுநாள்தான் விளங்கியது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் பிள்ளை தொடங்க இருந்த, சென்சார்களை இணையத்தோடு இணைக்கக் கற்றுத்தரும் அந்த ஐஓடி ஆரம்ப வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று பயிற்சி மையத்து மேடம் முடிவு செய்துவிட்டார். வேறு வாத்தியார் வருகிறார். வகுப்புக்கு என்னென்ன சாமான் வாங்குவது என்ற தேர்வு மட்டும் பாதியில் நின்றிருந்தது. "அவர் பக்கத்துல உட்கார்ந்து மாட்டிப் பார்த்தது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்கும் கைக்கு வேலை வேண்டியிருந்தது. மாமாதான், "இத்தனை நாள் உன் பேரத்துல காய்கறிக்காரன் பட்டது போதாதா, இனி சென்சார்காரனுமா?" என்றார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

வைஃபை உள்ள போர்டாக, கம்பிக் கால்கள் பற்றவைத்தே வருவதாகப் பார்த்தேன். முதல் நாளே பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கொடுத்தால் பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள். வெப்பமும் ஈரப்பதமும் சொல்ல நீலப் பெட்டி மாதிரி வரும் சின்ன சென்சார் போதும். ஒரு தரம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், உன் மாமா மாதிரி. மண் ஈரத்துக்கு மலிவானது சீக்கிரம் துருப்பிடிக்கும். மேல்பூச்சு உள்ளதையே சொன்னேன். மலிவு வாங்கி இரண்டு முறை அழுவானேன்?

ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று அவன் பெட்டியில் போர்டோடு சேர்ந்தே கிடந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க, அவன் அறையில் கரண்டில் சொருகினேன். எதிரில் நடந்தால் சின்ன விளக்கு எரிந்தது. நல்ல சாமான் என்று சந்தோஷப்பட்டு, போவதும் வருவதுமாக நடந்து நடந்து பார்த்தேன்.

அந்தப் போர்டுக்குள் அவன் எழுதிய ப்ரோகிராம் அப்படியே இருந்ததென்று எனக்குத் தெரியாதம்மா. அவன் வீடு திரும்பாமல் நீ ஆபீசில் டிபன் டப்பாவைத் திறக்கமாட்டாய் என்பதற்காகச் செய்ததாமே. அவன் அறைக்குள் வந்ததும் உன் போனுக்கு, "வந்துட்டேன்டி, நீ சாப்பிடு" என்று போகுமாமே. மேடம் பிரித்துப் பார்த்துச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் நடந்த நடைக்கெல்லாம், இல்லாதவன் பெயரில் உனக்குச் செய்தி வந்திருக்கிறது. எந்த மனசு தாங்கும்? என்னை மன்னித்துவிடு.

போர்டைக் கழற்றிவிட்டேன். பழையதை அழித்தால் வகுப்புக்கு ஆகும் என்கிறார் மேடம். மாமா அதைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு குறைஞ்சா வகுப்பு நின்னா போயிடும்?" என்கிறார். எனக்கும் கை வரவில்லை. ஆனால் எங்கள் துக்கத்துக்காக உன்னைக் கட்டிப்போடுவதும் பாவம். உனக்கு மறுபடி வரன் பார்க்கும் விஷயத்தை உன் அம்மா சொன்னார். எங்களை நினைத்துத் தயங்காதே.

பெற்றது நானாக இருந்தாலும், அந்த வார்த்தை உனக்கென்று அவன் எழுதியது. வைப்பதோ அழிப்பதோ உன் சொல்தான். எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல். சொல்லாமலே இருந்துவிட்டாலும் நான் கேட்கமாட்டேன்.

ஆண்டவன் உன் வீட்டை வெறிச்சோட விடமாட்டான். நீ நல்லா இருக்கணும் கண்ணு.

என்றும் உன்
அத்தை