இடது கை நுனிகள்

சிங்கப்பூர்
5.3.1985

ரோசரிக்கு,

மரியே வாழ்க. நான் நலம். கப்பல் பட்டறையில் வேலை ஓய்வதில்லை.

என் தங்கை டொரீன் எழுதியிருந்தாள். சனிக்கிழமைதோறும் ஜெராமில் பஸ் ஏறிக் கோலா சிலாங்கூர் போகிறாயாம். கோயில் மண்டபத்தில் ராஃபேல் என்பவனிடம் கிட்டார் படிக்கிறாயாம். நிச்சயம் செய்தவனிடம் சொல்லத் தோன்றவில்லையா? நான் போட்ட மோதிரமும் விரலில் இல்லையாம்.

புத்தாண்டிலிருந்து போகிறாய், இன்னும் ஒரு பாட்டுகூட வரவில்லை என்கிறாள். கிட்டார் வாசிக்கிற என் அறைக்காரன், "ஒரு மாசத்துல பாட்டு வந்துரும்லா" என்கிறான். அப்படியென்றால் அங்கே என்னதான் படிக்கிறாய்?

அமலதாஸ்

*

ஜெராம்
14.3.1985

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் ரோசரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

ஒரு பாட்டு வாசிக்க வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். கிட்டார் படிக்கப் போனால் முதலில் பாட்டு வராது, வலிதான் வரும். கம்பி விரல் நுனியை அறுக்கும். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிற எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அழுத்தம் குறைந்தாலும் நகம் நீண்டிருந்தாலும் கம்பி செத்த சத்தம் போடும். ஒரு பிடி சரியாக விழுந்தாலும், அடுத்த பிடிக்கு விரலை மாற்றுவதற்குள் பாட்டு நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். "நுனி காய்ச்சுப் போவணும், அப்புறந்தான் பாட்டு. அதுக்குள்ள பாதிப் பேரு ஓடிருவீங்க" என்று ராஃபேல் அண்ணன் முதல் நாளே சொன்னார். சிலர் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. இப்போது இடது கை நுனிகள் காய்த்துவிட்டன, ஊசி குத்தினாலும் தெரிவதில்லை.

மோதிரம் கிட்டாரின் கழுத்தில் உரசுகிறது. சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறேன். டொரீன் விரலை மட்டும் பார்த்திருக்கிறாள்.

நம் தோட்டத்துக் கோயிலில் பாட்டுக்கு ஒரு வாத்தியம் இல்லை. பட்டணத்துக் குழு வந்தால்தான் உண்டு. வந்தால் நம்மைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுகிறார்கள். அதற்காகத்தான் படிக்கிறேன்.

காட்டில் மேற்பார்க்கிற மண்டோர் பின்னாலேயே நின்று கண்டதைப் பேசுகிறான். போன வருடமே எழுதினேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. கதவு திறந்து கிடக்கிற மண்டபத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

அன்புடன்
ரோசரி

*

சிங்கப்பூர்
24.3.1985

ரோசரிக்கு,

மண்டோர் வேலை வாங்குகிறவன், அவன் வாய் அப்படித்தான். ராஃபேல் யார்? விரலைப் பிடித்துக் கம்பியில் வைக்காமலா சொல்லிக் கொடுப்பான்? நிறுத்திவிடு. நிறுத்தினால் நம்புகிறேன்.

அமலதாஸ்

*

ஜெராம்
2.4.1985

அன்புள்ள அத்தானுக்கு,

நிறுத்திவிட்டேன். இரவல் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. டொரீனையும் கூட்டிப் போனேன், சாட்சிக்கு. கொடுப்பதற்கு முன் அவளும் ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தாள். மோதிரம் விரலில் இருக்கிறது. மே மாதம் லீவில் வருவீர்கள்தானே?

உங்கள்
ரோசரி

*

சிங்கப்பூர்
29.5.1985

ரோசரிக்கு,

லீவு முடிந்து வந்து சேர்ந்தேன். நேரில் கேட்க வேண்டாம் என்று விட்டதை இப்போது கேட்கிறேன். கோயிலில் மாதா சிலை இருக்கிற கெபியருகே உன் இடது கையைப் பிடித்தேனே, சும்மா பிடிக்கவில்லை. ஒவ்வொரு நுனியாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் பஞ்சு மாதிரி இருந்தது. காய்த்துவிட்டது என்று எழுதினாயே, எங்கே? நீ கிட்டாரைத் தொட்டதே இல்லை. சனிக்கிழமைகளில் என்ன செய்தாய், உண்மையை எழுது.

அமலதாஸ்

*

ஜெராம்
10.6.1985

அமலதாஸ் அவர்களுக்கு,

கெபியருகே என் கையைப் பிடித்தபோது ஆசையில் பிடித்தீர்கள் என்று நினைத்தேன். கூட்டத்தில் வெட்கப்பட்டாலும் கையை இழுக்கவில்லை.

வாசிப்பதை விட்டால் காய்ப்பு உரிந்துவிடும். உங்கள் அறைக்காரனையே கேளுங்கள். நீங்கள் அழுத்திப் பார்த்தது உங்கள் பேச்சைக் கேட்ட விரல்களை.

போன சனிக்கிழமை மறுபடியும் மண்டபத்துக்குப் போனேன். முதலிலிருந்துதான். நுனியெல்லாம் எரிகிறது. இந்த முறை காய்த்தால் யாருக்கும் காட்டப் போவதில்லை.

மோதிரத்தைச் சங்கிலியில் கோக்கவில்லை. டொரீனிடம் கொடுத்துவிட்டேன். அழுதுகொண்டே வாங்கினாள். வாசல்வரை போய்த் திரும்பி, "நானும் வரட்டுமா அண்ணி?" என்று கேட்டாள்.

இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

ரோசரி