நாற்பது வினாடி

திருமுல்லைவாயில்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள விஷால் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியில் மஸ்கட் வெயில் பேச்சுக்குப் போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நவம்பர் 22 எங்கள் இசைக்குழுவின் கச்சேரி. ஓட்டோ வென்ட்லாண்ட் என்ற ஜெர்மானியரின் சிம்பொனி. நூறு வருஷத்துக்கு மேல் ஏதோ நூலகத்தில் கிடந்ததை, குழுவை நடத்தும் ஸ்ரீநாத் நகல் வாங்கியிருக்கிறார். மறந்துபோன மேதை என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல இடங்களில் சொன்னதையே சொல்கிறார். ஆனால் மூன்றாம் பகுதியில் நாற்பது வினாடி, மெட்டு நான் வாசிக்கும் வயோலாவுக்கு வருகிறது. ஒன்பது வருஷமாக வயலின்களுக்குக் கீழே முணுமுணுத்தவளுக்கு இதுதான் முதல் தடவை.

நான் அதையே பழகுவதைக் கேட்டு, கீழ்வீட்டு ஞானம்மாள் நேற்று கேட்டார்: "இன்னாம்மா, அதே எடத்துலயே சுத்திக்கினு கீற, மேல போவாதா?"

விஷால் பெங்களூரில் நலம். மாத்திரையை மறக்காதீர்கள்.

தாட்சாயிணி

மஸ்கட்
15 செப்டம்பர்

அன்பு தாட்சா,

சந்தோஷம். ஆனால் உனக்கு விசா வந்துவிட்டது. நவம்பர் 14க்கு டிக்கெட்டும் போட்டுவிட்டேன். சொல்லாமல் வைத்திருந்து அசத்தலாம் என்றிருந்தேன். கல்லூரியில் லீவு சொல்லிவிடு. நூறு வருஷம் பொறுத்த உன் ஜெர்மன்காரர் இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டாரா? வயோலா இல்லையென்றால் யாருக்கும் தெரியாது என்று நீயே சொல்வாயே. ஆறு வருஷமாக நானே சமைத்துச் சாப்பிடுகிறேன். என் ரசம் எனக்கே பிடிக்கவில்லை.

குணசேகரன்

திருமுல்லைவாயில்
29 செப்டம்பர்

அன்புள்ள விஷால் அப்பாவுக்கு,

நேற்று ஒத்திகையில், கச்சேரிக்கு நான் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். "பரவால்ல மேடம், அந்த எடத்த செல்லோவுக்குக் குடுத்துடலாம்" என்றார் ஸ்ரீநாத். எங்கள் குழுவின் தங்கராஜ் அதைச் செல்லோவில் வாசித்தார். சும்மா உட்கார்ந்து கேட்டேன். என்னைவிட நன்றாகவே வாசித்தார். திரும்பும்போது ரயிலில் என் ஸ்டேஷனைக் கவனிக்காமல் ஆவடியில் போய் இறங்கினேன். பிளாட்பாரத்திலிருந்தே ஸ்ரீநாத்துக்குப் போன் செய்து, நானே வாசிக்கிறேன் என்றேன்.

14 வேண்டாம். கச்சேரி முடிந்து எந்த நாளானாலும் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாட்சாயிணி

மஸ்கட்
8 அக்டோபர்

தாட்சா,

டிக்கெட்டை மாற்றவில்லை. நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். 14ஆம் தேதி ஏர்போர்ட்டில் நிற்பேன்.

குணசேகரன்

திருமுல்லைவாயில்
23 நவம்பர்

அன்புள்ள குணசேகரன்,

14 அன்று ஏர்போர்ட்டில் இரண்டு மணி நேரம் நின்றீர்கள் என்று விஷால் சொன்னான். உங்கள் கடிதத்துக்குப் பிறகும் இரண்டு முறை வர மாட்டேன் என்று எழுதியும் நின்றிருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது.

நேற்று வாசித்தேன். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் ஸ்ரீநாத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல், அந்த இடத்தை இன்னொரு முறை வாசித்தேன்.

ஜனவரியில் புதுச்சேரியில் இதையே வாசிக்கிறோம். எனக்கு இனி டிக்கெட் போட வேண்டாம். வர வேண்டும் என்று தோன்றினால் நானே போட்டுக்கொள்கிறேன்.

தாட்சாயிணி