நீ நல்லதென்று சொன்ன வாள்

எதையும் லேசில் நல்லதென்று சொல்லாத என் அருமை அருளப்பன் அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் ராஜாக்கமங்கலத்தில் உனக்கு ஆண்டுப் பூசை வைத்தோம். மைனி விதவையென்று வெள்ளைச் சேலை உடுத்தவில்லை, நீ கடைசியாக வாங்கிக் கொடுத்த நீலச் சேலையில் வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பக்கத்தில்தானே நின்றேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் செய்த காரியத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் கோயிலின் பங்கு மலரில் போடச் சொல்லி எழுதுகிறேன். உனக்கும் விஷயம் தெரிந்ததாக இருக்கும், ஊருக்கும் தெரிந்ததாக இருக்கும். கூடவே உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்.

முதலில் உன்னைச் சரியாகத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அண்ணன் வளைகுடாவில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். குழாயைப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து, மறுபடி செய் என்று சொல்வதுதான் அவன் வேலை. அங்கே கூட வேலை பார்த்த யோனாஸ் என்ற ஜெர்மன்காரர் தன் ஊரில் ஒரு குழு வைத்திருந்தார். பழங்காலத்து ஐரோப்பிய வீரர்கள் இரண்டு கையாலும் பிடித்துச் சண்டை போட்ட நீளவாளைப் போலவே இப்போது புதிதாகச் செய்து, அதை வைத்துப் பயிற்சி செய்கிற குழு. அந்தப் பைத்தியம் அண்ணனுக்கும் பிடித்தது.

சுனாமி வந்த வருடம் நீ வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தாய். மற்றவர்கள் கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். நீ பெட்டியைத் திறந்து கம்பளிக்குள்ளிருந்து ஒரு வாளை உருவினாய். "எனக்க மாதாவே, இவன் யாரை வெட்டப் போறான்" என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நெஞ்சு உயரத்துக்கு இருந்தது அது. நீண்ட பிடி, குறுக்கே ஓர் இரும்புச் சட்டம், பிடியின் அடியில் கனத்த குமிழ். பார்த்தவர்கள் எல்லாரும் பத்துக் கிலோ இருக்கும் என்றார்கள். தூக்கிப் பார்த்தால் ஒன்றரைக் கிலோதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. எந்தக் கம்பெனி வாள் வந்தாலும் நீ அதைச் சோதித்துவிட்டு, நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, வாள் பிரியர்கள் படிக்கும் இணையப் பக்கத்தில் எழுதுவாய். குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் நாலு விரல் தள்ளி, அலகின் அடியில் ஒரு விரலை வைப்பாய். வாள் அங்கே சாயாமல் நிற்க வேண்டும். காதருகில் பிடித்துக் குலுக்குவாய். பிடிக்குள்ளே ஏதாவது அசைந்தால் அத்தோடு தீர்ந்தது. முனையைச் சுவரில் ஊன்றி வளைத்துவிடுவாய், அலகு நேராகத் திரும்பி வர வேண்டும். கடைசியில் கொல்லையில் குலை வெட்டிய வாழையை வெட்டிப் பார்ப்பாய்.

நான் ஊருக்கு வந்த அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே வேலை. பக்கவாட்டில் நின்று, வெட்டும்போது முனை உதறுகிறதா என்று பார்க்க வேண்டும். "ஏட்டி ஜெசி, ஆடிச்சா?" என்பாய். ஆடிச்சு என்பேன். "எம்புட்டு?" என்பாய். "கோழிக் கழுத்து மாதிரி" என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாய், ஆனால் அதை அப்படியே எழுதியும் விடுவாய். ஒரு கம்பெனி வாளைப் பிடி வைத்த கடப்பாரை என்று எழுதினாய். பங்குச்சாமியார் ஒருநாள் வந்து, கோயிலில் சாத்தானை மிதித்து நிற்கும் மிக்கேல் சம்மனசு சுரூபத்தின் கையில் வைக்க ஒரு வாள் கொடுக்க முடியுமா என்று ஆசையாகக் கேட்டபோது, "இதுக்கு முன்கனம் கூடுதல் சாமி, சம்மனசுக்குத் தோள் வலிக்கும்" என்று சொன்னவனல்லவா நீ. சம்மனசுக்கே அந்தக் கதி.

என் வீட்டுக்காரர் ராயப்பனுக்குக் கொட்டாரத்தில் பட்டறை. பின்னால் உலையில் அவர், முன்னால் கடையில் நான். வெட்டுகத்தி, அரிவாள், மண்வெட்டிதான் எங்கள் சோறு. யோனாசின் குழுவுக்குப் பயிற்சிக்கு மழுங்கின விளிம்போடு ஒரு வாள் செய்து தர முடியுமா என்று நீதான் அவரைக் கேட்டாய். முதல் வாள் பிடித்துவிட்டால் தொடர்ந்து செய்யலாம் என்றாய். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நீ அவரை ஒரு கைதேர்ந்த தொழில்காரன் என்று மதித்துக் கேட்டுவிட்டாயே.

அதற்குள் நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியும் வீடுமாக நீ அலைந்த அந்த மாதங்களில், உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவர் உன் வாள்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே ஒன்றை அடித்தார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அலகு, அயனி மரத்தில் பிடி, குமிழில் பித்தளைப் பூச்சு. வெளியே தெரிந்த எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்தார். பிடிக்குள்ளே இருப்பது வெளியே தெரியாதே அண்ணே.

அதைப் புதுத் துவர்த்துத் துண்டில் பொதிந்து உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தோம். மைனி உன்னைச் சாய்த்து உட்கார வைத்தாள். "மச்சான், ஒருக்கா பிடிச்சிப் பாருங்க" என்று அவர் நீட்டினார். நீ இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். கண்ணை மூடினாய். பிறகு சொன்னாய்.

"கொள்ளாம் மாப்ள. நல்லா வந்திருக்கு. அனுப்பிரலாம்."

அத்தனை வாள்களில் ஒன்றுக்குக்கூட நீ கொள்ளாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் துவர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. இருபது வருடக் குடித்தனத்தில் அதுவும் முதல் தடவைதான்.

நீ போன பிறகு அந்த வாள் கடையில் சுவரில் தொங்கியது. வெட்டுகத்தி வாங்க வருபவனிடமெல்லாம், "எங்க மச்சான் பிடிச்சிப் பாத்துக் கொள்ளாம்னு சொன்ன சாதனமாக்கும்" என்று காட்டுவார். யோனாஸ் துக்கம் விசாரித்து எழுதியிருந்தார். வாள் எப்போது வரும், பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தார். உன் ஆண்டுப் பூசைக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பெட்டியடிக்கப் பலகை எல்லாம் வாங்கிவிட்டார்.

ஒரு மத்தியானம் கடையில் நான் தனியாக இருந்தேன். உன் நினைப்பு வந்தது. எழுந்துபோய் வாளை எடுத்தேன். நீ வைப்பது போல நாலு விரல் தள்ளி விரலை வைத்தேன். நிற்கவில்லை, முனைப்பக்கம் குடைசாய்ந்தது. விரலை நகர்த்தி நகர்த்தி, ஒரு சாணுக்கும் அப்பால் போனபிறகுதான் நின்றது. காதருகில் வைத்துக் குலுக்கினேன். உள்ளே என்னவோ லேசாகக் கடகடத்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கடையில் வெட்டுகத்தி வாங்க வருகிறவன் கையில் தூக்கி ஆட்டிப் பார்ப்பான். முன்பக்கம் கனம் இருந்தால்தான் எடுப்பான். அந்தக் கனம்தானே விறகைப் பிளக்கிறது. தகப்பன் காலத்திலிருந்து அப்படியே அடித்துப் பழகிய கை, நீளவாளையும் அப்படியே அடித்திருக்கிறது. பிடியும் அதே கதைதான். வெட்டுகத்தியின் வாலை, அதாவது பிடிக்குள் நுழைகிற பகுதியை, பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் அரை சாண் இறக்கி, அரக்கு ஊற்றி, பூண் போட்டால் ஆயுசுக்கும் நிற்கும். நீளவாளின் வால் அப்படி நிற்கக் கூடாது என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். பிடி முழுக்க ஓடி, குமிழையும் துளைத்து வெளியே வந்து, அங்கே அடித்து விரிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வீசுகிற வேகத்தில் அலகு தன் பாட்டுக்குப் போய்விடும்.

வாளைத் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் அவர் மனசு உடையும். அதுகூடப் போகட்டும், நீ கடைசியாகச் சொன்ன ஒரு நல்ல வார்த்தையை நானே பொய்யாக்க வேண்டும். சொல்லாவிட்டால் எங்கோ முகம் தெரியாத ஒரு பிள்ளையின் கழுத்து. சில நாள் சாப்பாடு இறங்கவில்லை அண்ணே, மனசுக்குள் அப்படி ஒரு வெப்ராளம்.

பிறகு ஓர் இராச்சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். "இஞ்ச பாருங்க, அந்த வாளை அனுப்பண்டாம்."

"ஏன், அதுக்கு என்ன கேடு?"

"முன்னால கனம் கூடுதல். பிடிக்குள்ள வாலு அசையுது."

"ஒனக்க அண்ணன் கொள்ளாம்னு சொன்ன சாதனத்துக்குக் குத்தம் சொல்ல நீ யாருட்டி?"

"அவனுக்க தங்கச்சியாக்கும்."

சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். நெய்மீன் குழம்பு வைத்த அன்றைக்கு அவர் சோற்றைத் தள்ளினார் என்றால் கோபம் எவ்வளவு என்று நீயே யோசித்துக்கொள்.

விடிந்ததும் வந்து நின்றார். "வாட்டி, வந்து கண்ணால பாத்துக்க." பட்டறைக்குப் பின்னால் குலை வெட்டிய வாழை ஒன்று நின்றது. மழுங்கின வாள் வாழையை வெட்டாது, நசுக்கத்தான் செய்யும். ஆனால் அடி தாங்குமா என்று காட்ட அது போதும். நான் பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் போய் நின்றேன். என்ன தோன்றியதோ, உடனே நகர்ந்து அவர் முதுகுப்பக்கம் போய்விட்டேன். முதல் அடி. வாழை குலுங்கியது, வாள் அசையவில்லை. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மறுபடி முழு வேகத்தில் பக்கவாட்டில் வீசினார். அலகு பறந்துபோய்த் துவைகல்லில் மோதிய சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் கையில் மரப்பிடியும் குமிழும் மட்டும் இருந்தன. அதைப் பார்த்தார். துவைகல்லைப் பார்த்தார். நான் முதலில் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யோனாசுக்க கிளாசுல சின்னப் பிள்ளியளும் உண்டு இல்லியா?"

"உண்டு."

"எனக்க கையால ஒரு உசிரு போயிருக்கும்ட்டி." மரப்பிடியைக் கீழே வைத்தார். "மச்சானுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எதுக்கு அப்பிடிச் சொன்னாரு?"

இதுதான் அண்ணே என் கேள்வியும். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்துப்போனவனிடம் எப்படிச் சண்டை போடுவது? உனக்கு நிஜமாகவே தெரியவில்லையா? மருந்தும் காய்ச்சலுமாக உன் கைகள் மரத்துப்போயிருந்தனவா? இல்லை, எல்லாம் தெரிந்தும், துவர்த்தோடு நின்ற அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டதா? பிறகு சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாயா? மைனியைக் கேட்டேன். "நீங்க போனதுக்கப்புறம் ரொம்ப நேரம் ரெண்டு கையையும் விரிச்சி வச்சிப் பாத்துட்டே கெடந்தாரு" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

அவர் உன் வாள்களில் ஒன்றை மைனியிடம் கேட்டு வாங்கி, பிடியைப் பிளந்து உள்ளே பார்த்தார். வால் குமிழ் வரைக்கும் ஓடியிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். புதிதாக அடிக்கத் தொடங்கினார். கைப்பக்கம் தடித்து, முனைக்குப் போகப் போக மெலிய வேண்டும். பழகிய சுத்தியல் முனையில் கனத்தை விட்டுவிட்டு வரும். "சவம், கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே மறுபடி உலையில் வைப்பார். இரண்டு அலகு வீணாய்ப் போனது. மூன்றாவது நாலு விரலில் நின்றது. குலுக்கினேன், சத்தமில்லை. வளைத்தேன், திரும்பியது. வாழையை அடிக்கச் சொல்லி நான் பார்த்தேன், முனை உதறவில்லை. பிடியில் தோல் தைத்த இடம் உள்ளங்கையில் உறுத்துகிறது என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்தார்.

அனுப்பினோம். யோனாஸ் பதில் போட்டார். பிள்ளைகள் தினமும் எடுக்கிறார்களாம், கைக்கு இதமாக இருக்கிறதாம், ஆனால் குறுக்குச் சட்டம் ஒரு நூல் இடப்பக்கம் சரிந்திருக்கிறதாம். எனக்குத் தெரியாமல் போனது அது. குற்றம் சொன்ன வரியைத்தான் என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

இனிக் கல்லறைத் தோட்டத்து விஷயம். சாமியார் மந்திரித்து முடித்ததும் எல்லாரும் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உன் மாப்பிள்ளை, என் ராயப்பன், உன் சிலுவைக்கு நேரே போய் நின்று, ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "மச்சான், நீங்க சொன்னது தப்பு. அந்தச் சாதனம் கொள்ளாது. எனக்குத் தெரிஞ்சி போச்சி. நீங்க சங்கடப்படாம கெடங்க." எல்லாரும் விக்கித்துப் போனார்கள். நான் கல்லறை என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை, மைனிதான் பிடித்துக்கொண்டாள். இதைத்தான் குடித்துவிட்டு வந்து ஏசினார் என்று ஊரில் பேசுகிறார்கள். அவர் அன்றைக்குக் காப்பிகூடக் குடிக்கவில்லை.

என் கோபம் போய்விட்டது அண்ணே. பதில் சொல்ல வேண்டாம். எனக்கும் ஒருநாள் படுக்கை வரும். எனக்குப் பிரியமான யாராவது கையில் எதையோ பொதிந்து கொண்டுவந்து, என் முகத்தையே பார்த்து நிற்கக்கூடும். அன்றைக்கு நானும் கொள்ளாம் என்றுதான் சொல்வேனோ என்னவோ. ஆனால் எழுந்து நிற்க எனக்குத் தெம்பு இருக்கிறவரைக்கும், பட்டறையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு வாளையும் காதில் வைத்துக் கேட்பேன். அவர் முகத்தைப் பார்த்து ஒருநாளும் மனசு மாற மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

அவருக்கு மனைவியாவதற்கு முன்பே உனக்குத் தங்கச்சியான,
ஜெசி
கொட்டாரம்