டாக்டர் சஜியின் பேட்ஜ்

மட்டாஞ்சேரி, 14.7.2002

அன்புள்ள அம்மாவுக்கு, சுபாஷிணி நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நான் மெஷின் இயக்கும் அறையில், எக்ஸ்ரேயில் பார்த்தபடியே இதய அடைப்பை நீக்குகிற டாக்டர் சஜி, மேலே படும் கதிரை அளக்கும் பேட்ஜைப் போடுவதேயில்லை. கேட்டேன்.

"அளவு கூடினா என்னை இந்த ஜோலியிலிருந்து மாத்தி நிறுத்தும். ரோகிகளை ஆர் நோக்கும்?"

"போடாமல் மெஷினை ஆன் செய்ய மாட்டேன் சார்."

முறைத்துவிட்டுப் பேட்ஜைக் குத்திக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. அளவு மிகவும் கூடுதல். அந்த அறைக்கு வரவே அவருக்குத் தடை. நர்ஸுகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று அவரே என்னைத் தேடி உணவறைக்கு வந்தார். "நீ சொன்னது நன்னாயி. எனக்குச் சின்னக் குட்டிகள் உண்டு" என்றார், தன் பிள்ளைகளைச் சொல்லி.

என் அளவு குறைவுதான், பயப்படாதே. ரசப்பொடியும் உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு, போர்த்திக்கொள்ள. படகுக்கு நேரமாகிவிட்டது.

உன் சுபா